இருபத்தேழாம் நம்பர் சட்டை

அத்தியாயம் 4

அந்தக் காட்சி மொத்தம் இரண்டே கால் வினாடி. கொட்டாவி விட ஆரம்பித்தால் வாயை மூடுவதற்குள் முடிந்துவிடும். கண்ணாடிக் கடை அம்மா அதை எங்கள் அலுவலகத்தில் பதினோரு முறை போட்டுக் காட்டினார்.

"மூணாவது வரிசை, தூணுக்குப் பக்கத்துல. சிரிப்பை அடக்க முடியாம உதட்டைக் கடிக்கிறா பாருங்க. அவதான் எங்க குருவி."

அது இன்னும் வெளிவராத ஒரு படத்தின் முன்னோட்டம். பரீட்சை நாளன்று ஒரு பள்ளிக்கூடத்துக்குள் கொள்ளைக்காரர்கள் புகுந்து பிள்ளைகளைப் பணயமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பரீட்சை நின்றுபோன சந்தோஷத்தில் பிள்ளைகள் அவர்களுக்கு வரிசையில் நின்று கைகொடுக்கிறார்கள். அப்புறம் கடைசி பெஞ்சு மாணவர்கள் மூன்று பேர் தீயணைப்புக் குழாயும் பள்ளி மணியும் கையுமாகக் கிளம்ப, கொள்ளைக்காரர்கள் மேல்தான் நமக்குப் பரிதாபம் வருகிறது. முதல் மூன்று முறை நான் வாய்விட்டுச் சிரித்தேன். நாலாவது முறை அக்கா என் காலை மிதித்தார்.

அக்கா என்றால் என் முதலாளி. பதினெட்டு வருஷம் தபால் இலாகாவில், விலாசம் தப்பிய கடிதங்கள் வந்து குவியும் அறையில் வேலை பார்த்தவர். கிறுக்கல், மை, மடிப்பு, முத்திரை இவற்றை வைத்தே எந்தக் கடிதம் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகு கடிதங்களுக்குப் பதிலாக மனிதர்களைத் தேடுகிறார். நான் அவருடைய உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவது, டீ வாங்குவது, பேசுவது என்று எனக்கு மூன்று வேலை. மூன்றாவதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் ஊரெல்லாம் எனக்கு ரேடியோ என்றுதான் பெயர்.

கண்ணாடிக் கடை அம்மா பெயருக்கேற்ப மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஒரு லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே அதன் பவரைச் சொல்வார் என்று கேள்விப்பட்டிருந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "தம்பி, உங்க வலது கண்ணுக்கு பவர் ஏறிடுச்சு, மாத்திக்குங்க" என்றார். அப்படிப்பட்ட கண் இரண்டே கால் வினாடியில் தன் பெண்ணை அடையாளம் கண்டது என்றால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்பு, பள்ளியில் கடைசிப் பரீட்சைக்கு முந்திய ராத்திரி, சினிமாவில் நடிக்கப்போகிறேன் என்று பெண் அடம்பிடித்திருக்கிறாள். பதினாறு வயசு. அம்மா ஓங்கி ஓர் அறை விட்டிருக்கிறார். மறுநாள் காலை சாப்பிடாமல், சொல்லிக்கொள்ளாமல் போனவள் திரும்பவில்லை. புகார் கொடுத்தார். அது ஏதோ ஓர் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

"நடிச்சே தீருவேன்னா. நடிச்சுட்டா. என்மேல கோபம் இன்னும் தீரல போல. தீர வேணாங்க. ஒரே ஒரு வாட்டி வந்து என்னை நாலு வார்த்தை திட்டிட்டுப் போகட்டும். அது போதும் எனக்கு."

அவர் கூட ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். அதே கடையில் வேலை செய்கிறவள், அம்மாவின் வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். கடையில் வயசில் சிறியவள் என்பதால் சின்னவ என்றே கூப்பிடுவார்களாம். குருவி போன வீட்டில் இவள்தான் இந்த நாலு வருஷமாக அம்மாவுக்குச் சோறு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொள்கிறவள் என்று அம்மாவே சொன்னார். முழுக்கைச் சட்டையில் வலது கையை மட்டும் ஒரு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். ஒரு பக்கம்தான் வேர்க்குமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்குச் சிரிக்காதவர்கள் நிறைய உண்டு என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். அது குருவி மாதிரி வேறு யாரோ, வீணாக ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றாள். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா காட்சியை நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். நாற்பது பெண்கள், சீருடையில், விளையாட்டுக் கூடத்தின் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய கைகளும் முன்னால் ஸ்கிப்பிங் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. ஓரத்தில் கதாநாயகனின் கால் மட்டும் தெரிந்தது.

"என்ன தெரியுது?" என்றார்.

"இடது கைச்சட்டை விரல் வரைக்கும் வந்திருக்கு. வலது கை மணிக்கட்டோட நிக்குது. தைக்கிறவர் பாதியில டீ குடிக்கப் போயிட்டார் போல."

"சினிமாவுக்குத் தைக்கிறவர் அப்படிப் போகமாட்டார்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

படத்துக்கு இன்னும் சில காட்சிகள் பாக்கி என்று, விடுமுறைக்கு மூடியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போனபோது பகல் பதினொரு மணி. பதினாறு வயசு மாணவனாக நடிக்கும் கதாநாயகனுக்கு மரத்தடியில் மீசை மழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை மழிக்கவேண்டியிருக்கிறதாம். நியாயமாகப் பார்த்தால் அவன் அந்தப் பள்ளியில் வாத்தியாராக இருக்கவேண்டியவன்.

டைரக்டர் முப்பதைத் தாண்டாத, தூக்கம் காணாத மனிதர். காணாமல்போன பெண் என்றதும் கொஞ்சம் பயந்தார். கூட்டத்தில் உட்காரும் பெண்களைத் தனக்குத் தெரியாது, ஏஜென்ட்தான் அனுப்புவார், தனக்கு நாற்பது தலை இருந்தால் போதும் என்றார். எல்லாம் ஒழுங்காகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் காட்சியை எப்போது எடுத்தீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, இந்தப் படத்துக்குத்தான் என்று பதில் சொன்னார். நாள் கேட்டால் படத்தைச் சொல்கிறவரிடம் அதற்கு மேல் அக்கா மல்லுக்கட்டவில்லை. உடைகளைக் கவனிப்பவர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டார்.

பந்துகளும் வலைகளும் கிடந்த அறையில் காஸ்ட்யூமர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயசுக்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கதாநாயகனின் பேன்ட் பலகையில் கிடந்தது. அக்கா அதன் கால் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை மேலே, சுற்றிலும் வெளுப்பாக ஒரு கோடு ஓடியது.

பெரியவர் அலுத்துக்கொண்டார். பையன் வளர்ந்துவிட்டானாம். அதே துணி இப்போது கடையில் கிடைக்கவில்லை, அதனால் மடிப்பைப் பிரித்து இறக்கியிருக்கிறார். "பழைய மடிப்புக் கோடு இருக்கு பாருங்க, அது மட்டும் எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. என் மானத்தை வாங்குது."

அக்கா கைபேசியில் முன்னோட்டத்தை ஓடவிட்டார். மாடிக் கைப்பிடியில் கதாநாயகன் சறுக்கி வரும் காட்சியில் அந்தக் கோடு தெரிந்தது. மணியடிக்கும் காட்சியிலும் தெரிந்தது. பிறகு விளையாட்டுக் கூடத்தில் நிறுத்தினார். குருவிக்கு முன்னால், ஓரமாக நின்ற அந்தக் காலில் கோடு இல்லை. பதினோரு முறை பார்த்தும் நான் அந்தக் காலைப் பார்க்கவே இல்லை.

"இது எப்ப எடுத்ததுங்க?" என்று அக்கா கேட்டார்.

"மொத தடவை எடுத்தப்ப. நாலு வருஷம் ஆச்சு" என்றார் பெரியவர். அன்றைக்குத் தேதி என்ன என்பதையும் அவரே சொன்னார். அக்காவுக்கு அதை நோட்டில் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை, எனக்கும்தான். குருவி சாப்பிடாமல் வீட்டைவிட்டுப் போன அதே நாள்.

காலையில் அந்த அம்மா பார்த்தது உயிரோடு எங்கேயோ சிரித்துக்கொண்டிருக்கும் பெண்ணை அல்ல. நாலு வருஷத்துக்கு முந்திய ஒரு சிரிப்பை. நம்மிடம் இருந்த ஒரே நூலும் அறுந்தது என்று அக்காவிடம் சொன்னேன். அவர் டைரக்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

இந்தத் தடவை டைரக்டர் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கேட்டார். கூடத்துக் காட்சியை எடுத்து முடித்த அன்று மாலை, பெண்களைத் திருப்பிக் கொண்டுபோன வேன் வளைவில் கவிழ்ந்துவிட்டது. பலருக்குச் சின்னச் சின்னக் காயம், ஒருத்தி மட்டும் பிழைக்கவில்லை. அதோடு படம் நின்றது. வேறு ஒருவர் படத்தை வாங்கி மறுபடி தொடங்க இத்தனை வருஷம் ஆயிற்று. பழைய காட்சிகளில் நன்றாக வந்ததை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். இறந்தவளின் முகம் எனக்கு நினைவில்லை, நினைவில் வைக்க நான் அவளைப் பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது.

"யார் அந்தப் பொண்ணு?" என்றார் அக்கா.

இருபத்தேழாம் நம்பர் என்றார். ஆதரவற்ற பிள்ளைகள் விடுதியில் வளர்ந்து, பதினெட்டு முடிந்ததும் வெளியே வந்தவள். உறவு என்று யாரும் இல்லை. இவர்களே பொது மயானத்தில் அடக்கம் செய்து, கல் வைத்து, பெயர் எழுதியிருக்கிறார்கள். பழைய பட்டியலைத் தேடி எடுத்துக் காட்டினார். இருபத்தேழுக்கு நேரே ஒரு பெயர் இருந்தது. அது குருவியின் பெயர் அல்ல.

நான் மூச்சு விட்டேன். ஒருத்தி செத்துப்போனதற்கு நிம்மதிப்படுகிறோமே என்று கூசியது, ஆனாலும் நிம்மதியாக இருந்தது. நம் பெண் இல்லை, அவள் வேனிலிருந்து இறங்கி எங்கேயோ போயிருக்கிறாள், இனி அங்கிருந்து தேடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

அக்கா பெரியவரிடம் கைபேசியைக் கொடுத்து, மூன்றாவது வரிசைப் பெண்ணின் சட்டையைப் பார்க்கச் சொன்னார். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது இருபத்தேழுங்க. நான் தைச்சதுதான்."

"ஏன் ஒரு கை சின்னதா இருக்கு?"

அவர் அலமாரியிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்தார். நாற்பது பெண்களுக்கும் தனித்தனியாக அளவெடுத்து, ஆளுக்கு ஒரு நம்பர் போட்டு, அந்த நம்பரைக் காலருக்குள் மையால் எழுதியிருக்கிறார். இருபத்தேழாம் அட்டையில் கைநீளம் இரண்டு விதமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயசில் வலது கை முறிந்து சரியாகக் கூடாமல், ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டதாம். மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று அவளுக்கென்று பார்த்துத் தைத்ததாகச் சொன்னார். "போட்டுக்கிட்டு கண்ணாடியில பாத்தா. மொத தடவையா ரெண்டு கையும் ஒண்ணா தெரியுதுன்னா. அது எப்படி மறக்கும்?"

"இந்தப் படத்துல இருக்கறவளுக்கு ரெண்டு கையும் சரியாத்தான் இருக்கு. சட்டைதான் பொருந்தல" என்றார் அக்கா.

பெரியவருக்கு அது முன்னோட்டத்தைப் பார்த்தபோதே உறுத்தியிருக்கிறது. அவசரத்தில் பெண்கள் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள் என்று நினைத்து விட்டுவிட்டார். அன்று மாலை எத்தனை சட்டை திரும்பி வந்தது என்று அக்கா கேட்டார். மூன்று நாளும் சட்டையைப் பெண்களே வீட்டுக்குக் கொண்டுபோய் வந்தார்கள், அன்று வேனிலிருந்து இறங்கும்போது வாங்கவேண்டியது, கவிழ்ந்ததால் மறுநாள்தான் ஒவ்வொன்றாக வாங்கினோம் என்றார் அவர். முப்பத்தொன்பது வந்தது.

"எது வரல?"

பெரியவர் இருபத்தேழாம் அட்டையை மேசையில் வைத்தார்.

நாற்பது பேரை ஒரு வேனில் ஏற்றி இறக்குகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம்பர் சொல்வார்கள், உள்ளேன் என்று குரல் வரும், எண்ணிக்கை சரியாக இருந்தால் வண்டி கிளம்பும். படப்பிடிப்பின் முதல் இரண்டு நாள் இருபத்தேழுக்கு ஒரு பெண் குரல் கொடுத்தாள். மூன்றாம் நாள் இன்னொருத்தி கொடுத்தாள். நாற்பது நாற்பதாகவே இருந்தது. விபத்து நடந்ததும் சட்டைக் காலரைப் பார்த்து, பட்டியலைப் பார்த்து, அதிலிருந்த பெயரைப் போலீசில் சொல்லிவிட்டார்கள். பெயர் தெரிந்த பிணத்தைக் காணாமல்போனவர்களின் பட்டியலோடு யாரும் ஒத்துப்பார்ப்பதில்லை. குருவியின் அம்மா ஒவ்வொரு ஸ்டேஷனாக அலைந்த அதே வாரத்தில் குருவிக்கு இன்னொருத்தி பெயரில் கல் நட்டிருக்கிறார்கள்.

ஸ்கூட்டர் பக்கம் வந்தபோது அக்கா என்னைப் பார்த்து, ஏதாவது பேசு என்றார். பத்து வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு கை குட்டையான பெண்ணை எங்கே போய்த் தேடுவது என்று மட்டும் கேட்டேன்.

"காலையில அவகிட்ட நீ என்ன கேட்டே, ரேடியோ?"

சின்னவளின் மடித்த கைச்சட்டையைப் பார்த்து, ஒரு பக்கம்தான் வேர்க்குமா என்று கேட்டிருந்தேன். அதை நினைத்ததும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

கண்ணாடிக் கடையின் பின்பக்கம் ஒரு சின்னப் பட்டறை. சாணைச் சக்கரம் தண்ணீர் தெளித்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு லென்ஸை அதில் பிடித்திருந்தார். சின்னவள் ஃப்ரேம்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்திருக்கக்கூடாது. கிடைச்சுட்டாளா என்று கேட்டார். அக்கா சக்கரத்தை நிறுத்தச் சொன்னார். அளவு அட்டையைப் பையிலிருந்து எடுத்து, அம்மாவுக்கு முன்னால் அல்ல, சின்னவளுக்கு முன்னால் வைத்தார்.

அவள் அதைப் பார்த்துவிட்டு, பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். மறுக்கவில்லை. யாரோ எப்போதாவது வந்து கேட்பார்கள் என்று நாலு வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் போல, தரையில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஏஜென்டின் வாசலில் ஆள் எடுத்தபோதுதான் இருவரும் சந்தித்திருக்கிறார்கள். குள்ளமாக இருக்கிறாள் என்று குருவியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அழுத அழுகையை இவளால் மறக்க முடியவில்லை. படப்பிடிப்பின் மூன்றாம் நாளன்று இவளுக்கு ஒரு தையல் ஆலையில் வேலைக்கு நேர்முகம் இருந்தது. ஒரு நாள் என் நம்பரில் போய் உட்கார், யாரும் முகம் பார்ப்பதில்லை என்று குருவியிடம் சட்டையைக் கொடுத்தாள். ஆலையில் கையைப் பார்த்துவிட்டு வேலை இல்லை என்றார்கள். மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி வந்தது. அதில் இறந்தது இவள் என்று போட்டிருந்தது.

"சொல்லத்தாம்மா வந்தேன். அம்மா இந்தக் கடையில இருக்காங்கன்னு அவ சொல்லியிருந்தா. ஆள் வேணும்னு வாசல்ல எழுதிப் போட்டிருந்தீங்க. நீங்க என்னைப் பாத்ததும், வேலைக்கா வந்தே, மொதல்ல சாப்ட்டியான்னு கேட்டீங்க. என்னால சொல்ல முடியல. நாளைக்குச் சொல்லிடலாம்னு நினைச்சேன். தினமும் அப்படித்தான் நினைச்சேன்."

இடையில் ஒரு தடவை அடையாளச் சீட்டு வாங்கப் போயிருக்கிறாள். இந்தப் பெயருள்ளவர் இறந்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்று சொன்னார்களாம். அது நியாயம்தான் என்று தோன்றியதால் எதிர்த்துப் பேசாமல் வந்துவிட்டாளாம்.

அம்மா அசையவே இல்லை. கையிலிருந்த லென்ஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"என்மேல கோபமாத்தான் போனாளா?"

"இல்லம்மா. காலையில பஸ் நிறுத்தத்துல பாத்தேன். கன்னம் லேசா வீங்கியிருந்துச்சு. அதைத் தொட்டுக் காட்டிச் சிரிச்சா. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட நானே சொல்லிடுவேன், படத்துல வந்துட்டேன்னு. இன்னொரு அறை விழும், வாங்கிக்கறேன்னா."

"அப்ப வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்திருக்கா" என்றார் அம்மா. எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, நின்றுபோன சக்கரத்திடம் சொல்வது போல இருந்தது. "எங்கேயோ போயிட்டான்னு நாலு வருஷமா அவளைக் கோவிச்சுக்கிட்டிருக்கேன். எம்புள்ள வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்திருக்கா."

அதற்குப் பிறகு அவர் அழுதார். நானும் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். அக்கா மட்டும் அழாமல் ஜன்னலைப் பார்த்து நின்றார். அவருக்கு அழுகை இரண்டு நாள் கழித்துத்தான் வரும், அது எனக்குத் தெரியும்.

சின்னவள் எழுந்து மூலையில் தொங்கிய தன் பையை எடுத்தாள். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்லில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று அக்காவைக் கேட்டார். அக்கா சின்னவளைப் பார்த்தார். அம்மாவுக்குப் புரிந்தது. அதை மாற்றவேண்டும் என்றார். மாற்றலாம், ஆனால் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் ஒரு நிபந்தனை உண்டு, இறந்ததாக எழுதப்பட்டவர் நேரில் வந்து நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லவேண்டும் என்று அக்கா விளக்கினார்.

சின்னவள் வாசல் வரை போயிருந்தாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"எங்க போறே? நீ வந்தாத்தான் அவ பேரு அவளுக்குக் கிடைக்கும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு நாலு பேரும் பதிவு அலுவலகத்தில் இருந்தோம். ஒரே வீட்டிலிருந்து கிளம்பிய இருவரும் தனித்தனியாக வந்தார்கள். அம்மா முன்னால் வந்தார். சின்னவள் பத்தடி தள்ளி வந்தாள். ராத்திரி அவர்கள் பேசிக்கொண்டார்களா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

குமாஸ்தா நல்ல மனிதர். தபால் இலாகாக் காலத்திலிருந்தே அக்காவுக்குத் தெரிந்தவர். பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார், சின்னவளின் கைரேகையை வாங்கினார், அளவு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். சின்னவளிடம் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அப்போதுதான். குமாஸ்தாவுக்குக் கேட்காமல், இரண்டாம் முறை சொல்லவேண்டியிருந்தது.

பிறகு குமாஸ்தா அம்மா பக்கம் திரும்பி, இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். அம்மா என்று அவர் சொன்னார். குமாஸ்தா எழுதினார். பேனாவை எடுக்காமலே சின்னவளைக் காட்டினார்.

"சாட்சிக்கு வந்திருக்கற இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு வருஷம் அவரை அம்மா என்று கூப்பிட்டவள். அன்று காலையிலிருந்து அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கடை அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தது அப்போதுதான். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"எம்பொண்ணோட ஃப்ரெண்ட்" என்றார்.

சின்னவள் அங்கேயே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடைந்து அழுதாள். குமாஸ்தா படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கணவன், மனைவி, தாய், தகப்பன், உடன்பிறப்பு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, இதற்கு இல்லை. கடைசியில் ஓரத்தில் சின்ன எழுத்தில் மகளின் தோழி என்று எழுதிக்கொண்டார்.